மூன்றடி ஒரு அங்குலம்

அத்தியாயம் 14

போன வாரம் நர்சரி மிஸ்ஸைத் திட்டித் தீர்த்தவர்கள் இந்த வாரம் கொஞ்சம் பொறுமையாகப் படிக்க வேண்டும். எழுதுகிறவள் நானே என்றாலும், அவள்மேல் எனக்கும் கோபம் இருந்தது. தினமும் போய் வருகிற பள்ளி கேட்டின் தூணில் ஒரு குழந்தை முட்டிக்கொண்டு நெற்றியில் மூன்று தையல் போடும் அளவுக்கு இவள் என்னத்தைப் பார்த்துக்கொண்டிருந்தாள் என்றுதான் நானும் கேட்டேன்.

குழந்தையின் அப்பா நேரிலேயே போய்க் கேட்டார். மிஸ் பதிலுக்குக் கத்தவில்லை. ஒரு சிவப்புப் பந்தை எடுத்துக் குழந்தையின் வலது காது பக்கமிருந்து மெல்ல முன்னால் கொண்டுவந்தாள். பந்து மூக்குக்கு நேரே வரும்வரை குழந்தை அதைப் பார்க்கவே இல்லை. நாளைக்கே பெரிய ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப் போங்கள் என்று மட்டும் சொல்லி, ஒரு ஃபைலையும் கையில் கொடுத்தனுப்பினாள்.

கூட்டிப் போனார்கள். ஸ்கேன் எடுத்தார்கள். இன்று அதற்குப் பதில் சொல்லும் நாள்.

குழந்தைக்கு ஐந்து வயது முடிய இன்னும் பதினோரு நாள் இருக்கிறது. வீட்டில் அவளுக்குப் பெயர் கடுகு. ஆள் சின்னதாக இருப்பதால் வந்த பெயர். கடுகு சிறுத்தாலும் காரம் குறையாது என்று வருகிறவர் போகிறவர் எல்லாம் சொல்லிச் சொல்லி, அவள் சின்னதாக இருப்பதே ஒரு பெருமை மாதிரி ஆகிவிட்டது அந்த வீட்டில்.

அப்பா தரைக்கு டைல்ஸ் போடுகிறவர். கூட வேலை செய்கிறவர்கள், மட்டம் பார்க்கும் கருவியின் பெயரால், அவரை ரசமட்டம் என்று கூப்பிடுவார்கள். அவர் போட்ட தரையில் ஒரு கோலிக்குண்டை வைத்தால் வைத்த இடத்திலேயே நிற்கும். ஒரு நூல், அதாவது அரைக்கால் அங்குலம், ஏற்ற இறக்கம் இருந்தாலும் பெயர்த்துவிட்டு மறுபடி போடுவார். கூலி போனாலும் பரவாயில்லை, அளவில் பொய் வரக் கூடாது என்பார். நல்ல மனிதர்தான், கொஞ்சம் தலைக்கனம் உண்டு.

அம்மா பள்ளிச் சீருடை தைக்கும் கடையில் தையல் மிஷினில் உட்காருகிறவள். வீட்டில் இன்னொருவர் அப்பாவின் அக்கா. புருஷன் போனபின் தம்பி வீட்டோடு வந்துவிட்டவர், பார்சல் ஆபீஸில் மதியத்துக்கு மேல் வேலை. காலையில் கடுகைப் பள்ளியில் விட்டு, மதியம் கூட்டிக்கொண்டு வருவது அந்த அத்தைதான். இதை ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள்.

ஆஸ்பத்திரியில் டாக்டரம்மா முதலில் குழந்தையை நர்ஸோடு வெளியே அனுப்பினார்.

ஸ்கேன் படத்தை வெளிச்சத்தில் வைத்துக் காட்டினார்கள். மூளைக்கு அடியில், உடம்பு வளர்வதற்கு உத்தரவு போடுகிற சுரப்பியை ஒட்டி, ஒரு கட்டி. புற்று இல்லை என்று டாக்டரம்மா முதலிலேயே சொல்லிவிட்டார். அம்மா மூச்சு விடுவதற்குள், ஆனால் இருக்கிற இடம் பொல்லாத இடம் என்றார். இரண்டு கண்ணின் நரம்பும் அந்த வழியாகத்தான் போகிறதாம். கட்டி மெதுவாக வளர்ந்து, நரம்பை அழுத்தி அழுத்தி, இடது கண்ணை முழுசாக அணைத்துவிட்டது. வலது கண்ணில் மூக்கை ஒட்டிய பாதி மட்டும் மிச்சம்.

நாலு நாளில் ஆபரேஷன் செய்தாக வேண்டும். செய்தால் அந்த மிச்சப் பாதியைக் காப்பாற்றப் பார்க்கலாம். காப்பாற்றிவிடலாம் என்று டாக்டரம்மா சொல்லவில்லை, பார்க்கலாம் என்றுதான் சொன்னார். போன பார்வை போனதுதான். வளர்ச்சிக்கு வருஷக்கணக்கில் தினமும் ஊசி போட வேண்டியிருக்கும்.

அம்மா குழந்தையின் தண்ணீர் பாட்டிலை மடியில் வைத்து இறுக்கிப் பிடித்துக்கொண்டிருந்தாள். ஒரு நாளைக்கு நாலு பாட்டில் தண்ணீர் குடிக்கிறாளே என்று அத்தை ஆச்சரியப்பட்டபோது, நல்லதுதானே என்று சொன்னவள் இவள். காலையில் தலை வலிக்கிறது, வாந்தி வருகிறது என்று கடுகு சொன்னபோதெல்லாம், ஸ்கூலுக்கு டிமிக்கி கொடுக்கிறாள் என்று சொன்னவளும் இவள்தான்.

அப்பாதான் பேசினார். கண்ணைப் பற்றி அவர் கேட்கவில்லை. வளர்ச்சியைப் பற்றிக் கேட்டார்.

"வளரலன்னு சொல்றீங்களே டாக்டர், என் பொண்ணு வளர்ந்திருக்கா. நாலாவது பிறந்தநாளுக்கு அப்புறம் ரெண்டு அங்குலம். கதவு நிலைல கோடு இருக்கு, வந்து பாருங்க."

டாக்டரம்மா மிஸ் கொடுத்த ஃபைலைத் திறந்தார். மூன்று மாதத்துக்கு ஒரு தடவை நர்சரியில் உயரமும் எடையும் எடுத்து எழுதிய அட்டை அதில் இருந்தது. போன வருஷத்திலிருந்து இன்றுவரை உயரத்துக்கு நேரே ஒரே எண்தான். தொண்ணூற்று நாலு சென்டிமீட்டர். அந்த எண் மாறாததைப் பார்த்து மிஸ் எழுதிய கடிதமும் அங்கேயே இருந்தது. குழந்தை வளரவில்லை, டாக்டரிடம் காட்டுங்கள் என்று எட்டு மாதத்துக்கு முன்னால் எழுதியது.

டாக்டரம்மா கடிதத்தைத் திருப்பினார். பின்பக்கத்தில் அப்பாவின் கையெழுத்து, பென்சிலில், கோடு போட்டது போல நேராக. வீட்டில் அளந்தோம், இரண்டு அங்குலம் வளர்ந்திருக்கிறாள், உங்கள் அளவுகோலைச் சரிபார்க்கவும்.

அன்றைக்கு இதை அம்மா கடையில் எல்லோருக்கும் சொல்லிச் சிரித்திருக்கிறாள். எங்க வீட்டுக்காரர்கிட்டயே அளவு பேசுறாங்க என்று.

அப்பா எழுந்து வெளியே போனார். நடைபாதையில் எடை பார்க்கும் மிஷினுக்குப் பக்கத்தில் சுவரில் உயரம் பார்க்கும் அளவுகோல் இருந்தது. சட்டைப்பையிலிருந்து தன் டேப்பை இழுத்து, தரையிலிருந்து அந்த அளவுகோலையே அளந்தார். நர்ஸ் என்னய்யா பண்றே என்று அதட்டினாள். வரிசையில் உட்கார்ந்திருந்தவர்கள் வேடிக்கை பார்த்தார்கள். அளவுகோல் சரியாக இருந்தது.

கடுகைக் கூப்பிட்டு நிறுத்தினார். குதிகால் சுவரில் ஒட்டணும், தலை நிமிரணும். அவளுக்கு அதெல்லாம் பழக்கம், கப்சிப்பென்று நின்றாள். டேப் மூன்றடி ஒரு அங்குலம் காட்டியது. இன்னொரு தடவை நிறுத்தினார். மறுபடியும் அதே மூன்றடி ஒரு அங்குலம்.

உள்ளே அம்மா இதற்குள் வாயைத் திறந்திருந்தாள்.

"எட்டு மாசத்துக்கு முன்னாடியே கூட்டிட்டு வந்திருந்தா?"

டாக்டரம்மா மூக்குக்கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார்.

"அதுக்கு நான் பதில் சொல்லி உங்களுக்கு என்னம்மா ஆகப்போகுது? நாலு நாள்ல என்ன செய்யணுமோ அதைப் பார்ப்போம்."

அந்தப் பதிலே போதுமானதாக இருந்தது. அத்தைக்கு வாய்க்கு வாய் வரும் ஒரு பழமொழி உண்டு. பஸ்ஸைத் தவறவிட்டாலும் சரி, துணி நனைந்தபின் மழை என்று கத்தினாலும் சரி, கண் கெட்ட பிறகு சூரிய நமஸ்காரம் என்பார். அம்மாவுக்கு அது ஞாபகம் வந்தது. இனி அந்த வீட்டில் அந்தப் பழமொழியை யாரும் சொல்ல மாட்டார்கள்.

ஃபைலை மூடுவதற்கு முன் டாக்டரம்மா இன்னொன்றையும் கேட்டார். நாலு மாதத்துக்கு முன்னால் மிஸ் இரண்டாவதாகவும் ஒரு கடிதம் கொடுத்ததாக இதில் குறிப்பு இருக்கிறதே, கிடைத்ததா என்று. குழந்தை படம் வரையும்போது தாளின் இடது பாதியில் மட்டுமே வரைகிறாள், கண் டாக்டரிடம் காட்டவும் என்று எழுதியதாம். அதற்குப் பதில் வரவில்லை என்று மிஸ் குறித்து வைத்திருந்தாள்.

அம்மாவுக்கு அப்படி ஒரு கடிதம் வந்ததே தெரியாது. உள்ளே வந்து நின்ற அப்பாவும் இல்லை என்று தலையாட்டினார். கடிதம் கால் முளைத்து நடந்து போயிருக்காது. மதியம் குழந்தையைக் கூட்டிவருகிறவர் யார் என்று யோசிக்க அம்மாவுக்கு ஒரு நிமிஷம்கூட ஆகவில்லை. ஆனால் அந்த யோசனையை அவள் அப்போதைக்கு மடித்து உள்ளே வைத்துக்கொண்டாள்.

பஸ்ஸில் வீடு திரும்பும்போது கடுகு ஜன்னல் ஓரம் கேட்டாள். ஜன்னல் அவளுக்கு வலது பக்கம் வந்தது. வெளியே பார்க்க முழு உடம்பையும் திருப்பிக்கொண்டு, முகத்தைக் கண்ணாடியில் ஒட்டிக்கொண்டு வந்தாள். இத்தனை நாளும் அதை விளையாட்டு என்று நினைத்திருந்தார்கள்.

வீட்டுக்கு வந்ததும் அப்பா செருப்பைக்கூடக் கழற்றாமல் ஹாலுக்கும் படுக்கை அறைக்கும் நடுவில் இருக்கும் கதவு நிலையிடம் போனார். பிறந்தநாளுக்கு ஒரு கோடு என்று பென்சிலில் போட்டு, பக்கத்தில் தேதியும் எழுதியிருந்தார். நாலாவது வயதுக் கோட்டுக்கு மேலே, அந்தக் கடிதம் வந்த அன்று போட்ட கடைசிக் கோடு. இரண்டுக்கும் நடுவே இரண்டு அங்குலம்.

டேப்பின் நுனியைத் தரையில் வைத்துக் கடைசிக் கோடுவரை இழுத்தார்.

மூன்றடி ஒரு அங்குலம்.

அதற்குக் கீழே இருக்கும் நாலாவது வயதுக் கோட்டை அளந்தார். இரண்டடி பதினொன்று என்றது டேப். நாலாவது பிறந்தநாள் அன்று அவள் மூன்றடி ஒன்று இருந்தாள் என்பது அவருக்கு நன்றாக ஞாபகம் இருக்கிறது, வேலைக்குப் போன இடத்தில் எல்லாம் சொன்னவர். கோடு கீழே இறங்காது. அப்படியென்றால் தரை மேலே வந்திருக்க வேண்டும்.

அப்படியே தரையில் உட்கார்ந்தார்.

அந்தத் தரையைப் போட்டதே அவர்தான். கடுகின் நாலாவது பிறந்தநாள் முடிந்து ஒரு மாதத்தில் போட்டார். அப்போதுதான் குழந்தை அடிக்கடி தடுக்கி விழ ஆரம்பித்திருந்தாள். பழைய சிமெண்ட் தரையில் வெடிப்பு, அதில்தான் கால் தட்டுகிறது என்று அவர் முடிவு கட்டினார். யானைக்கும் அடி சறுக்கும், இது கடுகுதானே என்று அத்தை கேலி பண்ணியும் அவர் கேட்கவில்லை. பிள்ளை விழக் கூடாது என்று இரண்டு ஞாயிற்றுக்கிழமை வெளி வேலையை விட்டு, பழைய தரைமேலேயே ஒன்றரை அங்குலம் கலவை விரித்து, அதன்மேல் பசையோடு அரை அங்குலத்துக்கு வழுக்காத டைல்ஸ் ஒட்டினார். மேஜை முனைகளுக்கெல்லாம் ரப்பர் ஒட்டினார். சமையலறை வாசலில் குட்டிக் கதவு வைத்தார்.

தரை உயர்ந்ததில் அறைக் கதவு திறக்கவில்லை. கதவைக் கழற்றி, அடியில் இரண்டு அங்குலம் அறுத்தெடுத்தவரும் அவர்தான். கதவை அறுத்த மனிதருக்கு, அந்தக் கதவின் நிலையில் இருந்த கோடுகள் தரையோடு சேர்ந்து மேலே வராது என்பது தோன்றவில்லை. இதற்கு நான் என்ன சொல்ல? ஊர் வீடுகளுக்கெல்லாம் மட்டம் பார்த்தவர், தன் வீட்டில் பார்க்கவில்லை.

எழுந்து போய் சுவரிலிருந்து ஒரு மரத்துண்டைக் கழற்றினார். கதவில் அறுத்த அதே துண்டு. வீணாக்குவானேன் என்று, கடுகின் கை எட்டும் உயரத்தில் சுவரில் அடித்து, மூன்று கொக்கி மாட்டியிருந்தார். ஒன்று பைக்கு, ஒன்று தண்ணீர் பாட்டிலுக்கு, ஒன்று மழைக் கோட்டுக்கு. தன் வேலையைத் தானே செய்து பழகட்டும் என்று. கொஞ்ச நாளாகக் கடுகு கொக்கியை விட்டுவிட்டுச் சுவரில் பையை மாட்டப் போவாள், பை கீழே விழும், எல்லோரும் சிரிப்பார்கள்.

அந்தத் துண்டை இரண்டு கோடுகளுக்கும் நடுவில் வைத்துப் பிடித்தார். பொருந்தி நின்றது. கதவு உரசக் கூடாதென்று கூடுதலாக அறுத்த ஒரு நூல்தான் வித்தியாசம்.

அம்மா பின்னாலேயே நின்று பார்த்துக்கொண்டிருந்தாள். அவளுக்கு விளக்கிச் சொல்ல வேண்டியிருக்கவில்லை.

"வளர்ந்தது தரைதாங்க," என்றாள்.

"அவ விழறாளேன்னுதான்டி தரையே போட்டேன்."

அவர் அழுதார். கல்யாணமாகி ஒன்பது வருஷத்தில் அவர் அழுது அவள் பார்த்ததில்லை. அவர்மேல் பாய வேண்டும் என்றுதான் பஸ் முழுக்க நினைத்துக்கொண்டு வந்தாள். ஆனால் பாயவில்லை, ஏனென்றால் அவளிடமும் ஒன்று இருந்தது.

உள்ளே போய்க் கடுகின் சீருடையை எடுத்துவந்து அவர் மடியில் போட்டாள். பள்ளியில் சேர்க்கும்போது இவளே தைத்தது. வளர வளரப் பிரித்துவிடலாம் என்று கீழே இரண்டு மடிப்பு வைத்திருந்தாள். இரண்டு மடிப்பும் போட்ட தையலோடு அப்படியே இருந்தன. மடிப்புக்குள் துணியின் நிறம்கூட மங்கவில்லை. நாளெல்லாம் ஊர்ப் பிள்ளைகளின் சீருடை மடிப்பைப் பிரித்துவிடுகிறவள் அவள். ஒரு மாதத்துக்கு முன்னால் இதைக் கையில் எடுத்து, பிரிக்க வேண்டியதில்லையே என்று பார்த்து, ஒரு நொடி மனசு துணுக்குற்றது உண்மை. அப்புறம் நிலையில் இருந்த கோட்டைப் பார்த்துச் சமாதானமானாள். தன் கை சொன்னதை விட்டுவிட்டு அவர் போட்ட கோட்டை நம்பினாள்.

"நானும்தாங்க," என்றாள்.

சமையலறை வாசலில் அத்தை நின்றிருந்தார். இன்று வேலைக்குப் போகவில்லை. தோளில் மாட்டுகிற பையை வீட்டுக்குள்ளேயும் மாட்டிக்கொண்டு, அதன் வாயை இரண்டு கையாலும் பொத்திப் பிடித்திருந்தார். முகம் பேயறைந்த மாதிரி இருந்தது.

"ஒண்ணு சொல்லணும்மா," என்றார் அம்மாவிடம்.

அம்மா அந்தப் பையைப் பார்த்தாள். அதில் என்ன இருக்கிறது என்பது அவளுக்குத் தெரியும் போலிருந்தது. ஏன் மறைத்தார் என்பதுகூடத் தெரியும் போலிருந்தது. முதல் கடிதத்துக்கு அவருடைய தம்பி இந்த வீட்டில் போட்ட சத்தம் கொஞ்சநஞ்சமா? இப்போது கேட்டால் அந்தப் பையோடு இந்த வீடும் கிழிந்துவிடும். ஆபரேஷனுக்கு நாலு நாள் இருக்கிறது. குழந்தையோடு ஆஸ்பத்திரியில் ராத்திரி தங்க ஆள் வேண்டும்.

"இன்னிக்கு வேணாம் அண்ணி. அப்புறம் சொல்லுங்க."

அத்தை தலையைக் குனிந்துகொண்டு உள்ளே போனார். பையின் மேலிருந்த கையை மட்டும் எடுக்கவில்லை.

இத்தனைக்கும் நடுவில் கடுகு எங்கிருந்தோ ஓடிவந்து அப்பாவின் முதுகில் விழுந்தாள். பிறந்தநாள் அன்றைக்கு ஆஸ்பத்திரியில் இருக்க வேண்டுமாமே, நர்ஸ் அக்கா சொன்னாளாம். அதனால் ஐந்தாவது வயதுக் கோட்டை இன்றைக்கே போட்டுவிட வேண்டும் என்றாள். அப்பாவின் பதிலுக்குக் காத்திராமல் நிலையோடு முதுகை ஒட்டி, குதிகாலைச் சேர்த்து, கழுத்தை நீட்டி, மூச்சைப் பிடித்துக்கொண்டு நின்றாள்.

அவள் உச்சந்தலை கடைசிக் கோட்டில் சரியாக இடித்தது.

அப்பா காதில் செருகியிருந்த பென்சிலை எடுத்தார். எடுத்த கையோடு நின்றார். எங்கே போடுவது? அம்மாவைப் பார்த்தார். அவள் முகத்தைத் திருப்பிக்கொண்டாள். கடைசியில் இருந்த கோட்டின் மேலேயே இன்னொரு தடவை இழுத்தார்.

கடுகு திரும்பி, ஆசை ஆசையாக நிலையைப் பார்த்தாள். தலையை அப்படியும் இப்படியும் சாய்த்தாள். மூக்கு மரத்தில் படும்வரை கிட்டே போனாள்.

"எங்கப்பா? கோடே இல்லையே."

அப்பா பென்சிலை அழுத்தி அதே கோட்டை மறுபடி இழுத்தார்.

"பென்சில் வேணாம்ப்பா. எனக்குத் தெரியற மாதிரி போடு."

அப்பா வேலைப் பையிலிருந்து உளியையும் சுத்தியலையும் எடுத்துவந்தார். அவளை நாலடி தள்ளி நிறுத்தி, கண்ணை மூடிக்கொள்ளச் சொன்னார், சிராய் தெறிக்கும் என்று. கோட்டின் மேலேயே உளியை வைத்துச் செதுக்கினார். விரல் நுழைகிற அளவுக்கு ஒரு பள்ளம். சிராய் குத்தாமல் இருக்க அதன் விளிம்பில் உப்புத்தாள் போட்டுத் தேய்த்தார். ஒரு கதவு நிலையில் இப்படி ஒரு வெட்டைப் போட்டவனை வேறு நாளாக இருந்தால் அவர் திட்டியே கொன்றிருப்பார்.

பிறகு அவள் கையைப் பிடித்துக்கொண்டுபோய் ஆள்காட்டி விரலை அந்தப் பள்ளத்தில் வைத்தார். கடுகு விரலை இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடிவரை இழுத்துப் பார்த்தாள். ரொம்பப் பிடித்துவிட்டது அவளுக்கு.

"போன தடவைய விட எவ்வளவுப்பா வளர்ந்திருக்கேன்?"

"ரெண்டு அங்குலம்டா," என்றார் அப்பா.

தெரிந்தே அவர் சொன்ன முதல் தப்பான அளவு அது. கடுகு அதைச் சொல்லிக்கொண்டே அத்தையிடம் ஓடினாள். வழியில் வலது பக்கம் இருந்த மேஜை முனையில் இடித்துக்கொண்டாள். ரப்பர் ஒட்டியிருந்ததால் வலிக்கவில்லை.